ரப்பர் ஷீட்டில் விழுந்த ராஜா தலை

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஈப்போவில் ஒரு நாணயக் காட்சிசாலை இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. பெயர்ப் பலகை கிடையாது, கட்டணம் கிடையாது. மூடிக் கிடந்த வட்டிக்கடையின் முன்கூடத்தில் கண்ணாடி போட்ட ஓர் அலமாரி, அதற்குள் பழங்காசுகள், பக்கத்தில் முப்பது வயது தாண்டிய ஒரு செட்டியார். அவ்வளவுதான். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்களில் நாணயங்களைப் பார்த்துவிட்டேன். அவரைப் போலக் காட்டத் தெரிந்தவரை மட்டும் எங்கும் பார்க்கவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஜெலாப்பாங்கிற்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா கணக்கெழுதும் கிராணி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாரை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதும், ஆறாம் வகுப்பு படித்தவள் என்று என்னை அவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்குப் பொறுமை என்பது கடுகளவும் கிடையாது. காலையில் ஒரு ஜப்பான் பாட்டு, கிழக்கே பார்த்து ஜப்பான் சக்கரவர்த்திக்கு ஒரு கும்பிடு, அப்புறம் பசித்த பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவது. நான் நடத்திய பள்ளிக்கூடம் இதுதான்.

உப்பு வாங்க ஈப்போவுக்குப் போன அப்பாதான் செட்டியாரைப் பற்றிச் சொன்னார். கப்பல் நின்றுபோய், ஊரில் இருந்த மனைவி மக்களிடமிருந்து கடிதமும் வராமல், தொழிலும் இல்லாமல் தனியாகக் கிடந்த மனிதர். கடைக்கு வந்த விசித்திரமான காசுகளையெல்லாம் பல வருடமாகச் சேர்த்துவைத்திருந்தார். அவற்றைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், எதையும் தொடக்கூடாது என்று வழியெல்லாம் மிரட்டியிருந்தேன். செட்டியார் அதை ஒரே நொடியில் கெடுத்துவிட்டார்.

"கையைக் கட்டிக்கிட்டு என்னத்தப் பாக்குறது? எல்லாரும் கண்ணை மூடுங்க, கையை நீட்டுங்க."

ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு காசை வைத்தார். நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசு, டச்சுக்காரன் செம்புக் காசு, பேராக் ஈயத்தில் வார்த்த முதலைக் காசு. கனமா லேசா, விளிம்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்று பிள்ளை சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். என் வகுப்பில் ஒரு வருடமாக வாயே திறக்காத பிள்ளை முதலையின் முதுகைத் தடவித் தடவிப் பேசியது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பெண் பிள்ளைகளை எல்லாம், ஆறு வயதுப் பொடிசு உட்பட, அவர் ஊர் வழக்கப்படி 'ஆச்சி' என்று மரியாதையாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

கூட்டத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வாத்தியாரைப் பிடித்த அதே நாளில் அவளுடைய அப்பாவையும் லாரியில் ஏற்றிப்போயிருந்தார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு வருவதற்கு முன்னால் இருந்த காசு இருக்கிறதா என்று அவள் கேட்டுவிட்டாள். நான் அவள் தோளைக் கிள்ளினேன். ராஜா தலை போட்ட வெள்ளைக்காரன் காசு கையில் அகப்பட்டால் அடி உதையோடு போகாது என்ற காலம். செட்டியார் தெருவை ஒரு பார்வை பார்த்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளிக் காசை எடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள்.

"சம்பளத்தன்னைக்கு எங்கப்பா என் கையில வைக்கிறது இதுதான்" என்றாள்.

அன்று நாங்கள் புறப்படும்போது, அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்ட சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு புகையிலை டப்பாவில் ஏழு காசுகளைப் போட்டு இரவல் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்காக ராஜா காசும் அதில் இருந்தது. வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

நான் கெட்டிக்காரி அல்லவா, அடுத்த நாளே மூளையைக் காட்டினேன். தாள் கிடையாது, பலப்பம் கிடையாது. ரப்பர் பாலுக்கு மட்டும் தோட்டத்தில் பஞ்சமில்லை. பாலை உறையவைத்து ஷீட்டாக்கும் பால் ஸ்டோரில் அப்போதுதான் உருட்டிய ஈர ஷீட் ஒன்றின் மேல் ஏழு காசையும் பரப்பி, பலகையை வைத்து, பிள்ளைகளை ஏறி உட்காரச் சொன்னேன். அச்சு அழகாக விழுந்தது. உலர்ந்ததும் வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று அங்கேயே தொங்கவிட்டுக் காசுகளோடு வீட்டுக்குப் போனேன். ஸ்டோர் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழியில் தொங்குவதெல்லாம் புகைபோட்டு உலர்த்தப் புகைவீட்டுக்குப் போகும் என்பது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அன்றிரவே அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல், ஒரு வாரம் அவர் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், ஷீட் புகைந்து, கட்டாகி, ஈப்போவில் ஜப்பான்காரன் கிடங்குக்கு மாட்டுவண்டியில் போய்விட்டிருந்தது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் செட்டியார் முதலில் கேட்டது இது:

"அச்சு நல்லா விழுந்துச்சா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார்.

"கிடங்குல ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துத்தான் தரம் பிரிப்பாங்க. ராஜா தலையைக் கண்டா நேரா தோட்டத்துக்கு வருவாங்க, பிள்ளைங்களை நிறுத்திக் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி நானே போயி என் காசுன்னு சொல்லிடுறேன்."

தப்பு என்னுடையது, நான்தான் போவேன் என்று மறித்தேன். நீங்கள் போனால் பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது என்று கேட்டுவிட்டு, டப்பாவையும் அரிசிப் பானையில் மிச்சமிருந்த வெள்ளிக் காசுகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கடையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினார். இடது கன்னம் வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. வெள்ளிக் காசு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டைக் காசையும் முதலையையும் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, வருகிற ஞாயிறு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அப்படிப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ஒன்று மட்டும் தமக்கு விளங்கவில்லை என்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த ஷீட்டைத் தேடி எடுத்து விரித்தார்களாம். ஆறு காசின் அச்சு இருந்ததாம். ராஜா தலை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டைதான் இருந்ததாம்.

எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டதும், பாவாடை முடிச்சை அவிழ்த்து ஒரு வட்ட ரப்பர் துண்டை எடுத்து நீட்டினாள். அச்சுப் போட்ட அன்று சாயங்காலமே அம்மாவின் பால்வெட்டுக் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறாள். அடிக்கக் கையை ஓங்கினேன். கை தானாக இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகளோடு அவளையும் செட்டியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இது தெரிஞ்சிருந்தா நீங்க அடி வாங்கியிருக்கவே வேணாம் அண்ணே" என்றேன்.

அவர் கண்ணை மூடி, அந்த ரப்பர் துண்டைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிறகு அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் ஆச்சி. எங்கிட்ட இருந்ததெல்லாம் போயிருச்சு. இன்னைக்கு ராஜா காசை நீங்கதான் காட்டணும்."

அவளுடைய அப்பா கடைசிவரை சயாமிலிருந்து திரும்பவில்லை. அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வரிசையாக நின்று கண்ணை மூடினார்கள். அவள் ஒவ்வொரு கையிலும் அந்தத் துண்டை வைத்து, இது எங்கப்பா குடுத்த காசு, எங்கப்பா குடுத்த காசு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வரிசையின் கடைசியில் நானும் கண்ணை மூடிக் கையை நீட்டினேன்.