பத்தொன்பது இரும்புத் துண்டுகள்

லோகேஸ்வரனின் மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஒரு சைட்கார் உண்டு. அடுப்பு, கேஸ் தோம்பு, எண்ணெய்ச் சட்டி, இரண்டு வாளி வடை மாவு எல்லாம் அதில் ஏறிவிட்டால், வண்டி கொஞ்சம் சாய்ந்தபடிதான் மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்குப் போகும். மாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் அவருடைய வடைக்காகக் காத்திருப்பார்கள். போகிற வழி முழுக்க முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள்.

சைட்காரை மோட்டாரோடு பிடித்திருப்பவை மூன்று இரும்புக் கைகள். நடுக் கையில் விரிசல் விட்டிருப்பதை முதலில் பார்த்தவர் அவருடைய மனைவி பிரேமலா. வண்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, காய்ந்த பெயிண்டுக்கு அடியிலிருந்து துருத்தண்ணீர் மயிரிழை போல ஒரு கோடாக வடிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை ஒரு பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்கிய இடம் அது. இரண்டு முறையும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளந்திருந்தது.

"இந்த வண்டி இனிமே ரோட்டுக்குப் போகாது," என்றார் பிரேமலா.

"மெதுவா ஓட்டுறேன் லா."

"நீங்க மெதுவா ஓட்டுவீங்க. பின்னாடி வர்ற லாரி மெதுவா வருமா? நானே ஒட்டுறேன்."

லோகேஸ்வரன் சிரித்தார். "நாற்காலி ஒட்டின கையி வண்டி ஒட்டுமா?"

கேட்டது கேலிக்குத்தான். ஆனால் பிரேமலாவுக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது.

செனாயில் இரும்பு நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் அவர் பதினான்கு வருஷம் மிக் வெல்டிங் செய்தவர். மிக் மெஷினில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தானாகவே துப்பாக்கி முனைக்கு வந்துகொண்டிருக்கும். விசையை அழுத்தினால் கம்பி உருகி இறங்கும், கூடவே வரும் கேஸ் அதைக் காற்றுப்படாமல் காக்கும். கை ஒரே வேகத்தில் நகர்ந்தால் போதும். அவருடைய கை அப்படித்தான் நகரும். மெஷினின் திருகுகளை மட்டும் அங்கே யாரும் தொட முடியாது. அவற்றின்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டியிருப்பார்கள், சாவி டெக்னீஷியனிடம் இருக்கும். எது நல்ல வெல்டிங் என்று சொல்ல எதிர்ச்சுவரில் ஒரு மாதிரிப் பலகை தொங்கியது. பச்சைக் கட்டத்தில் இருப்பதுபோல இருந்தால் நல்லது, சிவப்புக் கட்டத்தில் இருப்பதுபோல இருந்தால் கழிவு. அந்த வேலைப்பிரிவை மூடி ஆட்களை அனுப்பிய நாள்வரை பிரேமலாவின் நாற்காலி சிவப்பில் விழுந்ததாகப் பேச்சில்லை.

இரும்புக்கடை சதாசிவத்திடம் போய் மிக் மெஷின் கேட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர். தினமும் லோகேஸ்வரனிடம் நான்கு வடை வாங்குகிறவர் என்பதால் கவலை அவருக்கும் இருந்தது.

"வீட்டு வேலைக்கு ஸ்டிக் மெஷின் எடும்மா. ராடைக் கவ்வியில மாட்டுனா முடிஞ்சது. கேஸ் வேணாம், துருவுக்கும் பயப்படாது, ஒரு கையால தூக்கிட்டுப் போலாம்."

"என் கை மிக்ல பழகினது அண்ணே."

"கை பழகினதப் பாக்கறதா, இரும்பப் பாக்கறதா?"

"ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேனே."

சதாசிவம் யோசித்தார். கடையின் பின்கட்டில் அவர் வாடகைக்கு விடும் பழைய மெஷின்கள் இருந்தன. இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை லாரியில் ஏற்றிவிட்டார். "ஒரு வாரம் வெச்சிரு. எது வேணும்னு ஞாயித்துக்கிழமை சொல்லு. புருசன ரொம்ப நாளு சும்மா உக்கார வைக்காதம்மா, எனக்கு வடை வேணும்."

முதல் நாள் வீட்டு போர்ச்சில் மிக். பழகிய ஆயுதம் கைக்கு வந்ததும் பிரேமலாவின் தோள் தானாகத் தளர்ந்தது. ஆனால் முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், போட்ட கோடு முழுக்க ஆப்பம்போலத் துளைகள். தொழிற்சாலையில் நான்கு பக்கமும் திரை இருந்தது. இங்கே காற்று கேஸை அடித்துக்கொண்டு போயிருந்தது. கேன்வாஸ் துணியைக் கட்டி மறைத்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை கோடு அடுக்கிவைத்த காசுகளைச் சரித்துவிட்டதுபோல ஒரே சீராக வந்தது. பச்சைக் கட்டம்தான்.

"கடையில வாங்குன மாதிரி இருக்கு," என்றார் லோகேஸ்வரன்.

இரண்டாம் நாள் ஸ்டிக். மேலே பூச்சுள்ள கம்பிக் குச்சிதான் ராட். அதன் முனையை இரும்பில் உரசிச் சட்டென்று தூக்க வேண்டும். தூக்கப் பிந்தினால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். காலையில் மட்டும் ஒன்பது ராட் ஒட்டிக்கொண்டன. சதாசிவத்துக்குப் போன் செய்தார்.

"இந்த மழையில ராட் ஈரம் குடிச்சிருக்கும்மா. சூடு காட்டி எடு."

சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து லோகேஸ்வரனின் குரல் வந்தது. "பிரேமா, தோசைக்கல்லுல என்ன வறுக்கிற?"

"ராட்."

"சட்னி அரைக்கட்டா?"

சூடு காட்டிய ராட் அடம்பிடிக்காமல் எரிந்தது. ஆனாலும் சுத்தியலால் கசடைத் தட்டி உதிர்த்துவிட்டுப் பார்த்தபோது, கோடு மேடும் பள்ளமுமாகக் கம்பளிப்புழு போலக் கிடந்தது. மாதிரிப் பலகையில் அதைச் சிவப்புக் கட்டத்தில்கூட மாட்டியிருக்க மாட்டார்கள். மிக்தான் என்று அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்.

அன்று மத்தியானம் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. மிக் துண்டு நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்க நன்றாக இருக்கிறது. வேறு என்ன தெரியும்? தொழிற்சாலையில் நூறு நாற்காலிக்கு ஒன்றைச் சோதனை அறைக்குள் எடுத்துப்போவார்கள். உள்ளே அதை உடைத்துப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். பதினான்கு வருஷத்தில் தான் ஒட்டிய ஒரு நாற்காலி உடைந்து அவர் பார்த்ததே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இரண்டுமே சைட்கார்க் கையின் கனத்தில், ஐந்து மில்லிமீட்டர் பட்டையில் ஒட்டியவை. மிக் துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தார். மூன்றாம் அடியில் டக்கென்று கழன்று விழுந்தது. கோடு அழகு கெடாமல் ஒரு பட்டையோடு முழுசாகப் போய்விட்டது. மற்றப் பட்டையின் ஓரம் அறுத்தபோது இருந்ததுபோலவே கூராக இருந்தது, உருகின அடையாளமே இல்லை. மாவு பூசிய விரலிலிருந்து மாவு உரிந்து வந்ததுபோல.

ஸ்டிக் துண்டை அடித்தார். வளைந்தது. இன்னும் அடித்தார், இன்னும் வளைந்தது. பதினோராம் அடியில் கிழிந்தது. கிழிந்தது ஒட்டிய இடமல்ல, அதற்கு அடுத்த இரும்பு.

பிரேமலா வருத்தப்படவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கூரான ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து இன்னும் பட்டை அறுத்தார்.

அடுத்த மூன்று நாளும் அதே வேலைதான். மிக்கின் திருகை இப்போது பூட்ட ஆளில்லை. கடைசிவரை திருப்பினார். வீட்டின் மெயின் சுவிட்ச் விழுந்தது. வாஷிங் மெஷினையும் ஐஸ்பெட்டியையும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். பட்டையின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துவிட்டுப் போட்டார். கொஞ்சம் பிடித்தது, ஆனால் பாதிக் கோடு மட்டும். வீட்டு மின்சாரத்தில் அந்தச் சின்ன மெஷினால் அந்தக் கனத்துக்கு அவ்வளவுதான் சூடு கொடுக்க முடிந்தது. பிறகு உடைந்த துணிக்கொடியின் மெல்லிய குழாயை எடுத்தார். ஸ்டிக் அதில் பட்டதும் சிகரெட் சுட்டதுபோல ஓட்டை விழுந்தது. மிக் பூப்போல உட்கார்ந்தது. அடித்தபோது குழாய் நசுங்கியதே தவிர ஒட்டு விடவில்லை.

நாற்காலிகளும் இதே மெல்லிய குழாய்தான். அப்படியானால் அவை நன்றாகத்தான் இருந்திருக்கும். அதை நினைத்தபோது நெஞ்சில் ஏதோ இளகியது.

போர்ச் படியில் பத்தொன்பது உடைந்த துண்டுகள் எண் எழுதி வரிசையாகக் கிடந்தன.

"நம்ம கேட் மாதிரி மெல்லிசுக்கு மிக். உங்க வண்டிக்கு ஸ்டிக்," என்றார் கணவரிடம்.

"ரெண்டுல ஒண்ணுதான லா எடுக்கணும்?"

"கேட்டு உடைஞ்சா நாய் உள்ள வரும். வண்டி உடைஞ்சா?"

லோகேஸ்வரன் குனிந்து, திருப்பி அனுப்ப மிக் மெஷினின் வயரைச் சுருட்டினார்.

சனிக்கிழமை காலை பிரேமலா நடுக் கையைக் கழற்றினார். பட்டறைக்காரன் பெயிண்டின் மேலேயே ஒட்டியிருந்ததெல்லாம் கிரைண்டரில் போனது. விரிசல் முடிகிற இடத்தைத் தேடி, அதற்கு மேல் ஓடாதபடி அங்கே சின்னத் துளை போட்டார். விரிசலை நெடுகத் தோண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகே ராடைத் தொட்டார். ஒரு வரிசை, கசடு தட்டல், கம்பிப் பிரஷ், அடுத்த வரிசை. கடைசியில் முக்கோணத் தகடு ஒன்றை மூலையில் வைத்துத் தாங்கல் கொடுத்தார். கம்பளிப்புழு இப்போது கொஞ்சம் நேராக ஊர்ந்திருந்தது.

கை மறுபடி வண்டியில் ஏறியது. சதாசிவம் அனுப்பிய இரண்டு மூட்டை சிமெண்டைச் சைட்காரில் வைத்தார்கள். கடைச் சாமான் மொத்தத்தையும்விட அது கனம்.

"சாவி குடு, நான் ஓட்டுறேன்," என்றார் லோகேஸ்வரன்.

"ஒட்டுனது நான். மொதல்ல நான்தான்."

"சைட்கார் வெச்சு நீ ஓட்டுனதே இல்லயே."

"நம்ம தாமான் தெருவுக்குள்ளயேதான் போவேன். லாரி வராது. நீங்க வேணும்னா பின்னாடி ஓடி வாங்க."

அவர் உண்மையிலேயே கொஞ்ச தூரம் ஓடினார். பிரேமலா வீட்டு வரிசையைச் சுற்றினார், வேகத்தடைகளில் ஏறி இறங்கினார், திடலுக்குப் பின்னால் குழி விழுந்த பாதையில் வேண்டுமென்றே இறக்கினார். ஒவ்வொரு குழிக்கும் காது நடுக் கையிடம் இருந்தது. பன்னிரண்டு சுற்று. திரும்பி வந்தபோது லோகேஸ்வரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சதாசிவம் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று பாக்கி இருந்தது. ஒட்டிய இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊற விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே வந்து பவுடரில் கறுப்புக் கோடு காட்டும்.

இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் பாக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார் லோகேஸ்வரன்.

பிரேமலா இன்னொரு முறை குனிந்து, டார்ச் அடித்து, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"போயி உளுந்த ஊறப் போடுங்க."