நாக்கு நுனியில் ஒரு சோதனை

எங்கள் மாடி வீட்டுக்காரிக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. சோப்புக் காய்ச்சுவதெல்லாம் நடுநடுவில்தான். மருந்துக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு அதை ஆரம்பித்தாள். ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுகிறார்களே, அதை வாங்கிச் சோப்பாக்கினால் என்ன என்று தோன்றியதாம். எண்ணெய் எடுத்துவர ஓர் ஆட்டோக்காரர் சேர்ந்தார். விற்பதற்கு அவளுடைய நாத்தனார். அந்த வாய்க்கு வெறும் டப்பாவைக்கூட விற்றுவிடலாம்.

மூன்று பேர், ஒரு கார் ஷெட். எது யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளவே இல்லை. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார்கள். கேட்க எவ்வளவு இதமான சொல்! பார்க்கப்போவது யார் என்பது மட்டும் அதில் இருக்காது. எனக்கானால் எரிச்சலாக வரும்.

முதல் பெரிய ஆர்டர் அவள் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து வந்தது, கைகழுவும் குழாயடிக்கு. காஸ்டிக் சோடா எண்ணெயோடு முழுதாகச் சேர்ந்ததா என்று அனுப்புமுன் சோதிக்க வேண்டும். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தால் தெரிந்துவிடும். சேராத சோப்பு சுள்ளென்று இழுக்கும், பிள்ளைகள் கையையும் புண்ணாக்கும். அன்று அவளுக்குப் பல்வலி. டாக்டரிடம் கிளம்பும்போது, "அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும்" என்றாள். "பாத்துக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

மறுநாள் வந்து பார்த்தால் ஷெட் காலி.

"பெட்டியெல்லாம் எங்க?"

"காலையிலயே ஸ்கூல்ல இறக்கிட்டேன்க்கா" என்றார் ஆட்டோக்காரர்.

"நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

அவர் நாத்தனாரைப் பார்த்தார். "இவங்க பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நானா? நான் விக்கிறவ!"

அவள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். பள்ளியில் இடைவேளை விடுகிற நேரம். ஆட்டோவில் வழிநெடுக மகளின் உள்ளங்கைதான் கண்முன்னால் நின்றது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. குழாயடியில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். "தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி, ஒரு சோப்பைப் பிடுங்கி விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். சுள்ளென்றது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார்.

"பேக்கிங் மாறிப்போச்சு மேடம்" என்று நாத்தனார் கதையை எடுத்துவிட்டாள்.

"இல்ல மேடம். சோதிக்காம அனுப்பிட்டோம். தப்பு எங்களோடது." மாடி வீட்டுக்காரி குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவர் பிள்ளைகளின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு தடவ இப்படி நடந்தா இந்தப் பக்கமே வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாகக் காய்ச்சிய சோப்பு பள்ளிக்குப் போகவேண்டிய காலை, விடிந்ததும் விடியாததுமாக அவள் ஷெட்டுக்கு ஓடினாள். விழுந்து வைக்கப்போகிறாளே என்று நானும் பின்னாலேயே போனேன். அவர்கள் இரண்டு பேரும் எங்களுக்கு முன்னால் வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாப் பெட்டியும் நான் பாத்துட்டேன் அண்ணி."

"அவங்க பாத்ததுக்கப்புறம் நானும் பாத்தேன். நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்கக்கா" என்றார் ஆட்டோக்காரர். "ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல எனக்கு."

அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததே, பார்த்திருக்க வேண்டும்! ஒரு மனுஷனுக்குத் தூக்கம் போனதற்கு யாராவது அப்படிச் சந்தோஷப்படுவார்களா? சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அதுவரை அவள் ஒருத்திதானே விழித்துக்கொண்டிருந்தாள்.