பூசைக்குத் தப்பிய பக்கம்

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம், நானும் மோட்டார் வைண்டிங் கடைக்காரரும். என் பிரவுசிங் சென்டர் வேலை சற்று முன்புதான் போயிருந்தது. எதிரே வந்த லாரிகளிலெல்லாம் வாழைக்கன்று.

எல்லாம் அவர் செய்த கூத்து. எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போதே உள்ளே செம்புக்கம்பி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இவர் ஒரு மில்லின் வெளிநாட்டு மோட்டாரை எண்ணாமல் அறுத்து, செம்பை எடைக்கும் போட்டுவிட்டார். அந்தக் கணக்கை எங்கள் சென்டரில் நெட்டில் ஒருமுறை பார்த்திருந்தாராம், அந்தத் தைரியம். வந்து பார்த்தால் அந்த வலைப்பக்கத்துக்கு ஓசியில் இடம் கொடுத்திருந்த இணையதளமே காணோம். ஓசியில் கொடுத்தவன் சொல்லிக்கொண்டா போவான்? மோட்டார் ஓடாவிட்டால் மில் வேலை அத்தோடு சரி.

பார்த்த பக்கத்தைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் தன்னிடமே வைத்திருக்கும். ஆனால் எங்கள் முதலாளி ஆயுத பூசைக்கென்று வெளியே துணியால் துடைத்ததோடு நிற்காமல், உள்ளே இருந்ததையும் குப்பை என்று அழித்திருந்தார். மூலையில் இருந்த, வைண்டிங்காரர் அன்று உட்கார்ந்து பார்த்த கம்ப்யூட்டருக்கு மட்டும் அவர் மனைவி அவசரப்பட்டுப் பொட்டு வைத்துவிட்டார். பொட்டு வைத்தால் மறுநாள் வரை தொடக்கூடாது. “காத்தால முதல் வேலையா இதையும் அழிக்கோணும்” என்று சொல்லிவிட்டு முதலாளி பொரி வாங்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அதைப் போட்டேன். நெட் இல்லாமலே பக்கம் திறந்தது. படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்; சுற்றுக் கணக்கும் கம்பி அளவும் இருந்தன. பிரிண்டர் கத்திய கத்தலில் முதலாளி பொரிப்பையோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, பொட்டு வெச்ச மெஷினை ஆன் பண்ணிப்போட்டீங்களே, வெளங்குமுங்களா?”

“கணக்கு வந்துருச்சுங்க” என்றார் வைண்டிங்காரர், பிரிண்டரிலிருந்து பேப்பரைக் கிழித்து எடுத்தபடி.

“சாமி கண்ணைக் குத்துமுங்க.”

“மோட்டாரு ஓடலீன்னா மில்லுக்காரர் குத்துவாருங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க.”

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் இந்த ஊரில் ‘ங்க’ குறையாது.

அவர் கடை இருந்த பெரியநாயக்கன்பாளையம் நெருங்கும்போதுதான் வைண்டிங்காரருக்கு என் ஞாபகம் வந்தது.

“கண்ணு, வைண்டிங் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்ப என்னதான் தெரியும்?”

நன்றி சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான். இரவு அவர் கடையிலேயே படுத்தேன். காலையில் சூடம் அணைந்ததும் கம்பி சுற்றும் ராட்டையின் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். நான் செம்புக்கம்பியைச் சுற்றி எண்ண, அவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, என்னை நம்பாமல், தானும் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.