முத்திரை அடிப்பதற்கு முன்

ஆம்பூர் தோல் கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில், போர்ச்சுகல் நாட்டுத் தீவு ஒன்றின் நகராட்சிக்காகத் தோல் ஃபைல்கள் செய்தோம். மேலட்டையில் அந்த ஊரின் சின்னம். கேடயத்துக்குள் கடல் அலையும் ஒரு பறவையும், கேடயத்தின் தலையில் கோபுரங்கள் வைத்த கோட்டையும். சூடான அச்சை இறக்கும் மெஷினில் அதைத் தோலில் அழுத்தியவர் ஒரு பாய். மெலிந்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும் முன்பும் குனிந்து, "உள்ள போய்டுங்கப்பா" என்று தோலிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார்.

ஒரு நாள் சரக்கு ஏற்ற வண்டி வந்துவிட்டது. "இப்படியே பேசினு இருந்தா மெஷின்ல இருந்து தூக்கிடுவேன்னு சொல்லு" என்று சூப்பர்வைசர் என்னை அனுப்பினார்.

"யார்கிட்ட பாய் பேசறீங்க?"

"ஊரு மேல சூட்டை இறக்குறோம் தம்பி. சொல்லாம இறக்கலாமா?"

"வெறும் படம் பாய். லேட்டானா உங்க வேலைதான் போவும்."

"அப்போ நீயே அடி."

வீம்புக்கு வாயைத் திறக்காமல் இழுத்தேன். தோலை எடுத்துப் பார்த்த பாயின் முகம் சுருங்கியது.

"ஒருத்தர் வெளியவே நின்னுட்டாரு தம்பி."

சாத்திய கோட்டைக் கதவுக்கு முன்னால், ஆள் நிற்பதுபோல் ஒரு கறுப்புக் கீறல். அச்சில் அப்படி ஒன்றும் கிடையாது. மாட்டின் பழைய தழும்பாக இருக்கலாம்.

பாய் அடுத்த தோலை வைத்தார், குனிந்து சொன்னார், லீவரில் கை வைத்தார். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருங்க பாய்" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க."