நடுமடைக்கு மேற்கே

எங்கள் ஊர் ஏரிக்கரை எந்த இடத்தில் உடையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை, பயப்படவும் இல்லை. ஒரு பெண்ணின்மேல் எனக்கிருந்த பொறாமையால் சொல்லவில்லை.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் எழுத முடிகிறது.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர் எங்களுடையது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாணமான புதிதில், என்னை ஊமை என்றே பாதி ஊர் நினைத்ததாம்.

என் வீட்டுக்காரர் ஏரிக்கு நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் மூடுவதும், வயலுக்கு வயல் தண்ணீரைப் பிரித்துவிடுவதும் அவர் வேலை. ஒரு கோடையில், வண்டல் அள்ள வந்த டிராக்டர்களுக்கு வழி வேண்டுமென்று நடுமடைக்கு மேற்கே கரையை வெட்டினார்கள். வேலை முடிந்ததும் மூடினார்கள். எப்படி மூடினார்கள் தெரியுமா? மண்ணை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மாடுகளை விட்டு மிதிக்கவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் காய்ந்த மண்ணை அப்படியே கொட்டி, மேலே புல்லை வைத்துவிட்டார்கள்!

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டிக்கலடி. என்னிக்கினா ஒரு நாளு இது பிச்சிகினு பூடும் பாரு.”

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் அந்த இடத்துக்கு நேர் கீழே, கரையின் வெளிப்புற அடியில், தண்ணீர் லேசாகக் கசியும். அதைக் கையில் ஏந்திக் காட்டுவார். தெளிவாக வந்தால் பயமில்லை. பால் மாதிரி கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, உடனே மூட்டை அடுக்க வேண்டும். பிறகு அவர் செத்துப்போனார். கரையை வெட்டினவர்களும் போய்விட்டார்கள். புல் மண்டி, வெட்டின தடமே மறைந்துபோனது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். புல் அறுக்கிற சாக்கில் மழைக்கு மழை போய்ப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அப்போதுதான் ரம்யா வந்தாள்.

பேரிடர் மேலாண்மை படித்தவள். ஏரிகளைப் பாதுகாக்கிற ஓர் அமைப்பில் வேலை. வெள்ளம் வருவதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்க் கரையைச் சோதித்து, பலவீனமான இடங்களைக் குறித்து, ஜனங்களைத் தயார்செய்வது அவள் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது. ஒரு தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் ஒரு நோட்டு. அவ்வளவுதான். ஆனால் அவள் கரைமேல் ஏறினால் பாதி ஊர் பின்னால் நடந்தது! வெயில் படுகிறதென்று ஒருவர் குடை பிடித்தார். இன்னொருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அதே கரையில் ஆயுசு முழுக்க நடந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு யார் குடை பிடித்தார்கள்? ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

என் மகன் ஏகாம்பரம் இன்னும் மோசம். தினமும் சாப்பிட உட்கார்ந்தால் அவள் புராணம்தான். “மேடம் இன்னா அறிவு தெரியுமாம்மா? கரைய ஒரு பார்வ பாத்தாலே சொல்லிடறாங்க!” எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பனுக்குத் தெரிந்ததில் கால்வாசி அவளுக்குத் தெரியுமாடா என்று நாக்கு நுனிவரை வரும். சொல்ல மாட்டேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டாள். மைக் பிடித்து, ஒரு துளி நடுக்கம் இல்லாமல் பேசினாள். அவ்வளவு ஆம்பிளைகள் எதிரில்! அந்தக் குரல்மேல்தான் நான் முதலில் பொறாமைப்பட்டேன் என்று நினைக்கிறேன். பேசி முடித்துக் கேட்டாள்: “கோடையில கரையைப் பார்த்தா கசிவு தெரியாது. மழையில எங்கயாவது தண்ணி கசிஞ்சு பார்த்திருக்கீங்களா? பெரியவங்க சொல்லுங்க.” அவள் பார்வை என்மேல் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு சரோஜா கத்தினாள். “ஐய, அத்த போயி கேக்கறீங்களே மேடம்! அது புருஷனாண்டயே ஜாடையில பேசிகினு இருந்தது!”

கூட்டமே சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு வசதி பாருங்கள்... கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால்கூட, கூட்டத்தில் வாய் வரவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் மறுநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்! தனியாக வந்தாள். நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் கொடுத்த கூழைக் குடித்தாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் நீர்க்கட்டியா இருந்தாராமே. அவர் ஏதாவது சொல்லியிருப்பார், யோசிச்சுப் பாருங்க. நீங்க சொன்னா அவர் பேரைப் போட்டே எழுதிக்கிறேன்.”

கவனித்தீர்களா? அவர் பேரைப் போடுகிறேன் என்றாள். அவருடைய அறிவை இவள் திருடிக்கொள்வாள் என்கிற சாக்குக்கும் இடம் வைக்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் குரல் தணிந்திருந்தது. இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது.

“எனக்கு இன்னா தெரியும்மா... ஒண்ணும் தெரியாது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ முறை என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் நான் யார்?

அவள் கிழக்கு வளைவில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டாள். அங்கே மூட்டைகளை அடுக்கவைத்தாள். நடுமடைப் பக்கம் பயமில்லை என்று எழுதிக்கொண்டாள்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. கரை உடைவதற்கு முந்தின நாள் மாலையே ரம்யா வந்து, கரைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தெரு ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாள். “எதுக்கு இந்தப் பேஜாரு?” என்று முணுமுணுத்தவர்களையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனாள். இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

விடிந்ததும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். குனிந்து கசிவைக் கையில் ஏந்தினேன்.

பால்!

ஓடியிருக்க வேண்டாமா நான்? பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். கிழக்கே அடுக்கிய மூட்டைகளில் பாதியைக் கொண்டுவந்து போட்டிருந்தால்... நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

ஆனால் அந்தக் கலங்கல் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம்! ‘மேடத்துக்குத் தெரியலையே!’ என்று சந்தோஷப்பட்டேன். அவள் தோற்பதை இந்த ஊர் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, உலை வைத்தேன்.

சோறு வடிக்கும்போது ஏகாம்பரம் ஓடிவந்தான். “யம்மா! நடுமடையாண்ட கரை பூடுச்சும்மா!”

மனுஷ உயிர் ஒன்றும் போகவில்லை, அவள் முன்னமே எல்லோரையும் மாற்றிவிட்டதால். கதிர் வாங்கின பயிர் மண்ணுக்கடியில் போயிற்று. என் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது; பள்ளத்தை ஒட்டியிருந்த சரோஜா வீடு பின்சுவரோடு சரிந்தது. கட்டியிருந்த பசுவும் கன்றும் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. கயிற்றை அவிழ்க்க ஆள் இல்லை.

ஊர் அவள்மேல் பாய்ந்தது. “இன்னாம்மா, செகப்பு பெயிண்டு அங்க அடிச்சிகினு கீற, ஏரி இங்க பூந்துகினு வருது? இதுக்குத்தான் படிச்சியா?” குடை பிடித்தவர்தான் முதலில் கேட்டார்.

சேற்றில் நின்றபடி அவள் சொன்னாள்: “என் தப்புதான். இந்த இடத்தை நான் பார்க்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

தன்னுடையது இல்லாத தப்பை அத்தனை பேர் நடுவில் உரக்கச் சொல்ல அவளால் முடிந்தது. இரண்டு ஆள் தள்ளி நான் நின்றிருந்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இரக்கமா? இல்லை... இதையும் இவளே சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது!

அவளைக் களவேலையிலிருந்து எடுத்து, வேறு மாவட்டத்தில் ஏதோ ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்களாம். இனிமேல் எந்தக் கரையிலும் அவள் ஏறப்போவதில்லை என்று ஏகாம்பரம் வருத்தப்பட்டான்.

சரோஜா வீடு எழும்பும்வரை என் வீட்டில்தான் இருந்தாள். “உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும் அக்கா” என்பாள், நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே. நான் இன்னொரு கரண்டி வைப்பேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

பொங்கலன்று ஏகாம்பரத்துக்கு போன் வந்தது. அவள்தான். ஊரில் எல்லோரையும் விசாரித்தாளாம். என்னையும் கேட்டாளாம். “இந்தா, மேடம் கீறாங்க, ரெண்டு வார்த்த பேசு” என்று போனை என் காதருகே நீட்டினான்.

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தைதான். வாய் திறந்தது என்றுகூட நினைக்கிறேன். பிறகு தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

“எங்கம்மா கூச்சப்படுது மேடம்!” என்று அவன் சிரித்தான். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் சிரித்தாள். மனதில் ஒன்றும் இல்லாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

அதைக் கேட்டதும் என் வயிறு எரிந்தது... இன்னும்!