ஹீட்டர் கிழித்த மேளம்

அன்பான சகோதரங்களே, ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்! கொஞ்சம் கேளுங்கள்.

போன வருடம் மன்னாரில் என் கணவரின் தம்பி யூட் கடலில் மூழ்கி இறந்தார். விசா முடிவு வராததால், இந்த வெளிநாட்டிலிருந்து இவரால் ஒரு பிடி மண் போடக்கூடப் போக முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நாங்கள் குடியிருக்கும் மனுரேவாவிலிருந்து வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. கோயிலுக்கும் வருவதில்லை. நான் உடைந்துபோனேன். "ஆண்டவரே, இந்த மனுசன்ர வாயை ஒருக்காத் திறவும்" என்று குசினியில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் மன்றாடினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தெரே, எங்களைப்போலக் கடல் கடந்து வந்த குக் தீவுக்காரர். துக்கப்பட்டவர்கள் சனிக்கிழமைகளில் அவருடைய கராஜில் கூடி, அவர்களுடைய முன்னோர் செய்த விதத்திலேயே மேளம் செய்வார்கள். செபம் சொல்லாமல் மரத்தைத் தொடமாட்டார்கள். குடைந்த மரத்தின்மேல் ஊறவைத்த தோலைப் போட்டுக் கயிற்றை இழுக்கும்போது, அவரவர் இழந்தவரின் பெயரைச் சொல்லி இழுப்பது அங்கே வழக்கம். தெரே இவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

இவர் மரம் குடைந்தார். கயிறும் இழுத்தார். பெயர் மட்டும் வாயில் வரவில்லை. ஈரம் காயட்டும் என்று மேளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தார்.

பார்த்தால் தோல் தொய்ந்து கிடக்கிறது. ஊரில் பறையை நெருப்பில் காய்ச்சித்தானே அடிப்பார்கள்! கெட்டிக்காரி நான், ஹீட்டரைத் தூக்கி அதற்கு முன்னால் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். ஈரத் தோலுக்குச் சூடு ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? படாரென்று ஒரு சத்தம். ஓடிவந்தால் தோல் நடுவால் கிழிந்து கிடக்கிறது.

இவரும் வந்தார். மேளத்தைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், அகப்பையோடு நின்ற என்னைப் பார்த்தார். முடிந்தது கதை என்று கண்ணை மூடினேன்.

"இதென்னப்பா, கருவாடே காயப்போட்டனீர்?"

சிரித்தார்! என் மனுசன் சிரித்தார்! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, அப்படியே நிலத்தில் இருந்து அழுதார். "யூட்டின்ர செத்தவீட்டுப் பறை எனக்குக் கேக்கேல்லையப்பா. நான் மண் போடேல்ல." நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அழுதபடியே நன்றி சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை புதுத்தோல் போட்டார்கள். இவர் கயிற்றை இழுத்து, "யூட்!" என்று கத்தினார். கராஜில் நின்ற எல்லோரும் திரும்பக் கத்தினார்கள், "யூட்!" அந்தத் தோல் காயும்வரை இவர் ஹீட்டர் பக்கமே என்னை விடவில்லை.

இப்போது ஞாயிறு பூசையில் அந்த மேளத்தை இவர்தான் அடிக்கிறார். வீட்டிலும் வாய் ஓயாது. போதும், கொஞ்சம் சும்மா இருங்கோ என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது! நான் கேட்டது ஒரு வார்த்தை. ஆண்டவர் முழு மனுசனையும் தந்தார், அதுவும் என் மடைத்தனத்தைக் கொண்டே.

பேச்சற்றுப்போன ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு மன்றாடுகிறவர்களே, விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை அவரைத் தெரேயின் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இழந்தவரின் பெயரைச் சொல்லி அவர் இழுக்க அங்கே ஒரு கயிறு இருக்கிறது.