சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தியான வகுப்பில் 'மௌனம்' என்று பட்டப்பெயர். மௌனத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார் என்பதால் வந்த பெயர். அவரும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பதினோரு வருடமாகக் காலை ஆறு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்மூடி உட்காருகிறவர்.

அடுத்த அறையில் அவருடைய அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அதே ஆறு மணிக்கு அவரும் கடவுள் முன்னால் உட்காருவார். சுருதி சேராத குரலில் இரண்டு பாட்டு, பிறகு பேச்சு. சொந்தக்காரரிடம் சண்டை பிடிப்பது போல இருக்கும். "முட்டி வலிக்குதுன்னு நேத்தே சொன்னேனே, காதுல விழலையா?" என்பார். சில நாள் அழுவார். சுவர் மெல்லியது, எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பின் ஆண்டுவிழாவில் அவரைப் பேச அழைத்தார்கள். தலைப்பு, 'உள்ளறிவுக்கு இரண்டு வழிகள்'. உள்ளே பார்க்கிற வழி, வெளியே ஒருவரிடம் கேட்கிற வழி என்று பிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. கலகலப்பாக்க நினைத்து, "எங்க வீட்லயே ரெண்டாவது வழி இருக்கு" என்று அக்காவைப் போலப் பாடிக் காட்டினார். சிரித்தார்கள். முட்டிவலியைச் சொன்னார். இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு ருசித்துவிட்டது. அக்கா அழுகிற நாட்களில் மட்டும் கேட்பதையும் எடுத்துவிட்டார்: "எங்க வீட்டுக்காரரை எங்க வச்சிருக்க? நேரத்துக்குச் சாப்பிடுறாரா?" குரலை நடுங்கவைத்தே சொன்னார். அரங்கம் அதிர்ந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தார். அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

மீதியை எப்படிப் பேசி முடித்தார் என்று அவருக்கு நினைவில்லை. கைதட்டினார்கள். அக்கா வந்து கூட்டைக் கையில் கொடுத்து, "கண்ணாடி இல்லாம எப்படிப் படிப்பியோன்னு கொண்டாந்தேன்" என்றார். 

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த அறையில் சத்தமே இல்லை. பதினோரு வருடமாக அவர் ஏங்கிய அமைதி. ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. போய்க் கதவருகே நின்றார்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

"விடுடா. ஊர்ல இல்லாததையா சொல்லிட்ட?" அக்கா நிமிரவில்லை, போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். "சுவரு இவ்வளவு மெல்லிசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அதான்."

அடுத்த வாரம் வகுப்பில் எழுந்து, அக்காவைக் கேலி செய்தது கேவலம், தனக்கு அறிவு வரவில்லை, வாய்தான் வந்திருக்கிறது என்றார். சொல்லும்போது காது சுட்டது. முடிந்ததும் ஒரு பெரியவர் தோளைத் தட்டி, "என்ன ஒரு பணிவு, பார்த்தீங்களா" என்று மற்றவர்களிடம் காட்டினார். மறுபடியும் கைதட்டல். அக்காவை விற்று இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டதாக அவருக்குப் பட்டது. அதன்பின் அங்கே போகவில்லை.

ஒருநாள் மாடிவீட்டு அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "நீங்க கடைக்குப் போன பிறகு, பத்து மணிக்குமேல உங்க அக்கா பாடுறாங்க. ரொம்பச் சின்னக் குரல்ல."

காலை பத்து மணி, அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கவேண்டிய நேரம். மறுநாளிலிருந்து அவர் ஐந்தே முக்காலுக்கே கிளம்பினார். "இவ்வளவு வெள்ளென எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். "லென்ஸ் வேலை நிறைய இருக்கு" என்றார்.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார். மூச்சைக் கவனிக்க நினைத்தால் கடைசி வரிசையில் அக்கா சிரிக்க முயன்ற அந்தச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அக்கா பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டாரா என்று மாடிவீட்டில் கேட்க அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.